வீட்டு மீடியா சர்வர் வெளியூரிலிருந்து திறக்கவில்லை. போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் பயனில்லை

திண்ணைவாசி (அம்பாசமுத்திரம்)

அனைவருக்கும் வணக்கம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் இருந்த பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளையும் பாட்டு கேசட்டுகளையும் ஒன்றரை ஆண்டாகக் கணினிக்கு மாற்றி, ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினியில் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, ஜெல்லிஃபின் மென்பொருள் வழியாக வீட்டுக்குள் அனைவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். கூடத்து டிவியிலும் எங்கள் கைபேசிகளிலும் தடையின்றி ஓடுகிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இருக்கும் என் மகளால் மட்டும் அதைத் திறக்க முடியவில்லை.

நான் செய்தவை: இணையத்தில் கிடைத்த குறிப்புகளைப் பார்த்து, ரவுட்டரில், ஜெல்லிஃபினின் வாசல் எண்ணான 8096 என்ற போர்ட்டை 192.168.0.105 என்னும் ராஸ்பெரி பையின் முகவரிக்குத் திருப்பிவிட்டேன். டக்டிஎன்எஸ் தளத்தில், வீட்டின் இணைய முகவரி எண்ணுக்குப் பதிலாகத் தட்ட இலவசமாக ஒரு பெயரும் பெற்றேன். அந்தப் பெயரை வீட்டு வைஃபையில் தட்டினாலும் திறக்கவில்லை, கைபேசி டேட்டாவில் தட்டினாலும் திறக்கவில்லை. வெகுநேரம் சுற்றிவிட்டு இணைப்பு நேரம் முடிந்தது என்று வருகிறது. இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு முறை பேசினேன். இரண்டு முறையும் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள்.

வீட்டு அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டி, நிறுவனம் கொடுத்தது, கூடத்தில் இருக்கிறது. அதன் வைஃபை மாடிக்கு எட்டாததால் கடையில் ஒரு ரவுட்டர் வாங்கி, பெட்டியிலிருந்து லேன் கம்பி இழுத்து மாடியில் வைத்திருக்கிறேன். ராஸ்பெரி பை அந்த மாடி ரவுட்டரில்தான் இணைந்துள்ளது. எங்கே தவறு என்று கூறினால் நன்றியுடையவனாவேன்.

அவசரக்குடுக்கை (ஓசூர்)

ஐயா, இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ரவுட்டரில் டி.எம்.இசட். என்ற பகுதியில் ராஸ்பெரி பையின் முகவரியைக் கொடுங்கள், யு.பி.என்.பி.யை (கருவிகள் கேட்டால் ரவுட்டர் தானே போர்ட்டைத் திறந்துவிடும் வசதி) இயக்குங்கள், ஃபயர்வாலை அணையுங்கள். என் வீட்டில் இப்படித்தான் செய்தேன், ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது.

பூட்டும் சாவியும் (சென்னை)

திண்ணைவாசி ஐயா, மேலே உள்ள யோசனையை அருள்கூர்ந்து செய்ய வேண்டாம். வீட்டு ரவுட்டர்களில் டி.எம்.இசட். என்பது, வெளியிலிருந்து வரும் எந்தப் போர்ட்டுக்கான அழைப்பையும் கேள்வி கேட்காமல் ஒரே கருவியின் தலையில் கொண்டுபோய்க் கொட்டுவது. 8096 என்பது மறையாக்கம் இல்லாத போர்ட் என்பதால், அதை நேரடியாக இணையத்துக்குத் திறந்தால் தங்கள் மகள் தட்டும் கடவுச்சொல்லும் வழியில் மூடாத அஞ்சலட்டை போலத்தான் போகும்.

வீட்டு மீடியா சர்வர்தானே, யார் வரப்போகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 2022இல் லாஸ்ட்பாஸ் என்னும் கடவுச்சொல் காப்பு நிறுவனத்தின் பொறியாளர் ஒருவருடைய வீட்டுக் கணினிக்குள் திருடர்கள் நுழைந்தது ஜெல்லிஃபின் போன்ற பிளெக்ஸ் மீடியா சர்வரில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டையை அடைத்த பதிப்பு 2020 மே மாதத்திலேயே வெளிவந்துவிட்டது. அவர் அதை நிறுவாமல் விட்டிருந்தார்.

பொதிமூட்டை (கோயம்புத்தூர்)

கல்லூரி ஒன்றில் வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவன். பூட்டும் சாவியும் சொல்வது சரி. ஆனால் திறக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு முன்னால், திறப்பதற்கான கதவு ஐயாவின் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் பெரும்பாலும் ரவுட்டரின் அந்த ஒரு பக்கத்திலேயே மணிக்கணக்காக உட்கார்ந்து எண்களை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நோய் அங்கே இருப்பது அரிது.

நான்கு எண்களைப் பார்த்துச் சொல்லுங்கள். மாடி ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரி (ரவுட்டர் தன் வெளிப்பக்கத்தில் பெறும் முகவரி) என்று காட்டுவது என்ன? கூடத்துப் பெட்டியின் பக்கத்தில் (பெரும்பாலும் 192.168.1.1 என்று தட்டினால் வரும், கடவுச்சொல் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்) அதே வேன் முகவரி என்ன? என் ஐ.பி. என்ன என்று கேட்டால் சொல்லும் இணையதளங்களில் ஒன்று என்ன காட்டுகிறது? இன்றைய தேதியில் ராஸ்பெரி பையின் முகவரி என்ன? கடைசிக் கேள்வியைத் தெரிந்ததுதானே என்று விட்டுவிடாமல் உண்மையில் பாருங்கள்.

இன்னொன்று: சோதனையை எப்போதும் வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசி டேட்டாவில் செய்யுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே வீட்டின் வெளிப்பெயரைத் தட்டினால், அந்தப் பொதி (வலையமைப்பில் செல்லும் தரவுத் துண்டு) ரவுட்டர் வரை போய் அங்கேயே திரும்பி உள்ளே வர வேண்டும். பல மலிவு ரவுட்டர்கள் அந்தத் திருப்பத்தைச் செய்வதில்லை. அதனால் எல்லாம் சரியாக இருந்தாலும் வீட்டு வைஃபையில் பழுதுபோலத் தோன்றும்.

திண்ணைவாசி

பார்த்துவிட்டேன். மாடி ரவுட்டரின் வேன் முகவரி 192.168.1.7. கூடத்துப் பெட்டியின் வேன் முகவரி 100.72 என்று தொடங்குகிறது. இணையதளம் காட்டுவது இவை இரண்டுக்கும் சம்பந்தமில்லாத வேறோர் எண்.

கடைசிக் கேள்விக்கு விடை சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ராஸ்பெரி பையின் முகவரி இப்போது 192.168.0.112. போன வாரம் இங்கே மின்வெட்டு வந்து எல்லாம் அணைந்து எழுந்தது. அப்போது மாறியிருக்கும் என்று எண்ணுகிறேன். ஆக, நான்கு நாட்களாக யாருமே இல்லாத 105ஆம் எண் வீட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பொதிமூட்டை

கூச்சப்பட ஒன்றுமில்லை ஐயா, இது எல்லோருக்கும் நடப்பது. ஆனால் 105ஐ 112 என்று திருத்தினாலும் திறக்காது, ஏனெனில் தங்கள் வீட்டுக்கு முன்னால் மூன்று சுவர்கள் இருக்கின்றன.

முதல் சுவர் மாறும் உள்முகவரி. அது எளிது. இரண்டாவது, ரவுட்டருக்குப் பின்னால் ரவுட்டர். மாடி ரவுட்டரின் வெளிமுகவரியே 192.168 என்று தொடங்குகிறது என்றால், அதுவும் கூடத்துப் பெட்டியின் பிள்ளை. நீங்கள் மாடிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். கூடத்துக் கதவு சாத்தியே இருக்கிறது. மூன்றாவது சுவர்தான் பெரியது. 100.72 என்பது தங்களுக்கே உரிய பொது முகவரி அன்று. 100.64இல் தொடங்கி 100.127 வரையிலான தொகுதியை, இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு உள்ளுக்குள் பங்கிட்டுக் கொடுப்பதற்கென்றே 2012 ஏப்ரலில் ஒதுக்கினார்கள். அதில் இருப்பது சுமார் 42 இலட்சம் முகவரிகள். அவற்றையே எந்த நிறுவனமும் தன் வலையமைப்புக்குள் மீண்டும் பயன்படுத்தலாம். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சி.ஜி. நேட்.

ஏன் இப்படி என்றால், பழைய ஐ.பி. பதிப்பு 4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலக இருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3ஆம் தேதி வட்டார அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் அதே ஆண்டு ஏப்ரலில் பங்கீட்டு முறை வந்துவிட்டது. அதற்குப் பின்னால் பெரிதாக வளர்ந்த நம் ஊர் நிறுவனங்களிடம் வீட்டுக்கு ஒரு முகவரி கொடுக்கும் அளவு இருப்பில்லை.

லைன் வீடு என்று நம் பக்கம் சொல்வோமே, ஒரே தெருக்கதவு, உள்ளே வரிசையாகப் பத்துக் குடித்தனம், அப்படி எண்ணிக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது ஒரே கதவு எண். உள்ளிருந்து நீங்கள் கடைக்குப் போய்ப் பொருள் வாங்கி வரலாம். தெருக்கதவில் இருப்பவர் நீங்கள் போனதை நினைவில் வைத்து, திரும்பி வரும்போது உள்ளே விடுவார். ஆனால் யாரோ ஒருவர் தெருவில் வந்து நின்று, 8096ஆம் குடித்தனத்துக்குப் போக வேண்டும் என்றால், அவரை யாரிடம் அனுப்புவது என்று அந்தக் காவலருக்குத் தெரியாது. நீங்கள் போர்ட் ஃபார்வர்டிங் செய்தது உங்கள் குடித்தனத்தின் கதவில். தெருக்கதவின் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது.

இழைப்பெட்டி (மதுரை)

பல ஆண்டுகள் வீடுவீடாக ஃபைபர் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் சில சொற்கள்.

ராஸ்பெரி பையின் முகவரியை அந்தக் கருவியிலேயே கையால் எழுதி நிலைநிறுத்த வேண்டாம். ரவுட்டரின் டி.எச்.சி.பி. (முகவரிகளைப் பங்கிடும்) பகுதியில், கருவியின் மேக் முகவரியை (அந்தக் கருவியின் அடையாள எண்) கொடுத்து இன்ன எண்ணை இதற்கே தா என்று பதிவு செய்துவிடுங்கள். மின்வெட்டு எத்தனை முறை வந்தாலும் மாறாது.

இரண்டு ரவுட்டர் சிக்கலுக்கு இரண்டு வழிகள். ஒன்று, கூடத்துப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (வெறும் பாலமாக) மாற்றி, மாடி ரவுட்டரையே இணையத்தில் உள்நுழைய விடுவது. அதற்கு பி.பி.பி.ஓ.இ. (நிறுவனத்தின் இணைப்பில் உள்நுழையும் முறை) பயனர்பெயர், கடவுச்சொல், வீலேன் எண் மூன்றும் கையில் இருக்க வேண்டும். இவற்றை எழுதி வாங்காமல் பிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, இணையமும் போய், பெட்டியில் செருகியிருந்த தொலைபேசியும் ஊமையாகி, இரவு ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்ட வீடுகள் ஏராளம். இன்னொரு வழி, மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுவது. அது வெறும் வைஃபை கொடுக்கும் கருவியாகிவிடும்; வீடு முழுவதும் ஒரே வலையமைப்பு ஆகிவிடும். தங்களுக்கு இதுவே பாதுகாப்பானது.

மூன்றாவது சுவருக்கு என் கருத்து எளிமையானது: நிலையான பொது ஐ.பி. வேண்டும் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். சிலர் மாதக் கட்டணத்துக்குக் கொடுக்கிறார்கள், சிலர் தொழில் இணைப்புகளுக்கு மட்டும் என்கிறார்கள். தொலைபேசியில் எடுப்பவரிடம் சி.ஜி. நேட் என்று சொல்லிப் பயனில்லை, மோடத்தை அணைத்துப் போடத்தான் சொல்வார். சிசிடிவி கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க ஸ்டாட்டிக் ஐ.பி. தேவைப்படுகிறது என்று சொன்னால் உடனே புரியும். அந்த வார்த்தை அவர்கள் தினமும் கேட்பது.

அவசரக்குடுக்கை

என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். பொதிமூட்டை சொன்னபடி என் வீட்டில் பார்த்தேன். என் ரவுட்டரின் வேன் முகவரியும் இணையதளம் காட்டுவதும் ஒன்றாகவே இருக்கின்றன. உள்ளூர் நிறுவனம் எனக்குப் பொது முகவரியே கொடுத்திருக்கிறது. அதனால்தான் எனக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்ததே தவிர, என் திறமையால் அன்று. டி.எம்.இசட்.டையும் அணைத்துவிட்டேன்.

ஒரு கேள்வி. ஐ.பி. பதிப்பு 6 வந்தால் இந்தப் பஞ்சமே இல்லை என்கிறார்களே, அதில் முயன்றால் என்ன?

நெக்கர் ஓரம் (ஸ்டுட்கார்ட் அருகே)

நான் திண்ணைவாசி ஐயாவின் மகள் வசிக்கும் பகுதியில்தான் இருக்கிறேன் என்பதால் இந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல முடியும். இங்கே பல கேபிள், ஃபைபர் இணைப்புகளில் டி.எஸ். லைட் என்ற முறை இருக்கிறது. அதாவது வீட்டுக்குப் பதிப்பு 6 முகவரி முழு உரிமையோடு வரும். பதிப்பு 4 முகவரி மட்டும் இங்கும் லைன் வீட்டு ஏற்பாடுதான். தங்கள் மகள் வீட்டில் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர் இருந்தால், அதன் இணைய நிலைப் பக்கத்தில் டி.எஸ். லைட் டனல் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எழுதியிருந்தால், அவருடைய பக்கம் பதிப்பு 6 தயாராக இருக்கிறது என்று பொருள். தங்கள் பக்கமும் இருந்தால் இருவரும் நேராகச் சந்திக்கலாம்.

திண்ணைவாசி

மூன்று நாள் வேலைக்குப் பின் எழுதுகிறேன். இழைப்பெட்டி அவர்கள் சொன்னபடி மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கிவிட்டேன். இப்போது ராஸ்பெரி பை நேராகக் கூடத்துப் பெட்டியிடமிருந்தே முகவரி வாங்குகிறது, 192.168.1.50 என்று நிலையாகப் பதிவு செய்தும் விட்டேன். நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐ.பி. கேட்டதற்கு, என் திட்டத்தில் அந்த வசதி இல்லை, தொழில் திட்டத்துக்கு மாறினால் தரலாம் என்றார்கள். மாதக் கட்டணம் ஓய்வூதியக்காரனுக்கு ஒவ்வாதது.

பெட்டியில் பதிப்பு 6 அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கியதும் ராஸ்பெரி பைக்கு 2 என்ற எண்ணில் தொடங்கும் நீண்ட முகவரி ஒன்று வந்தது. மகள் வீட்டில் டி.எஸ். லைட் என்றே எழுதியிருக்கிறது. மிகுந்த நம்பிக்கையோடு அந்த நீண்ட முகவரியை அனுப்பி, மறையாக்கம் இல்லையே என்று பூட்டும் சாவியும் கோபித்துக்கொள்வார் என்பதால் வெற்றுச் சோதனைப் பக்கம் ஒன்றை மட்டும் வைத்துத் திறக்கச் சொன்னேன். திறக்கவில்லை. பெட்டியின் பக்கத்தில் பதிப்பு 6க்கான ஃபயர்வால் அமைப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை.

பொதிமூட்டை

அது எதிர்பார்த்ததுதான். பதிப்பு 6இல் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுவதும் செல்லும் முகவரி கிடைத்துவிடுவதால், வெளியிலிருந்து தானாகத் தொடங்கும் இணைப்புகளை வீட்டுப் பெட்டிகள் தடுத்தே வைத்திருக்கும். அது நல்ல வழக்கமே. அவசரக்குடுக்கை கேட்டதற்கு விடையும் இதுதான்: முகவரிப் பஞ்சம் தீர்ந்துவிடும், காவல் தீராது. வாடிக்கையாளர் நுழைவில் அந்த அமைப்பை நிறுவனம் மறைத்து வைத்திருந்தால் நீங்கள் செய்யக்கூடியது குறைவு.

எனவே வழியையே மாற்றுவோம். வெளியிலிருந்து உள்ளே வருபவரைத்தான் எல்லாச் சுவர்களும் தடுக்கின்றன. உள்ளிருந்து வெளியே போவோரை எதுவும் தடுப்பதில்லை. தங்கள் ராஸ்பெரி பையும் தங்கள் மகளின் கணினியும் இரண்டுமே உள்ளிருந்து வெளியே கிளம்பி, ஒரே நேரத்தில் ஒன்றை நோக்கி ஒன்று பொதிகளை அனுப்பினால், இரு பக்கத்துக் காவலர்களும் இவர் நம் வீட்டார் அழைத்தவர் என்று எண்ணி வழிவிடுவார்கள். இதைத்தான் டெயில்ஸ்கேல் என்னும் சேவை செய்கிறது. அடியில் ஓடுவது வயர்கார்ட் என்னும் மறையாக்க இணைப்பு முறை. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கருவுடன் அது சேர்ந்தே வருகிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. வழியெங்கும் மறையாக்கம் உண்டு என்பதால் 8096 பற்றிய கவலையும் தீர்ந்தது.

குழம்பாமல் இருக்க ஒன்று: டெயில்ஸ்கேல் தன் கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரிகளும் அதே 100.64 தொகுதியிலிருந்துதான். பெட்டியின் வேன் பக்கத்தில் 100 கண்டால் அது நிறுவனத்தின் லைன் வீடு. ராஸ்பெரி பையில் டெயில்ஸ்கேல் காட்டும் 100 தங்கள் தனி வலையமைப்பு. மேலும், வீட்டில் டிவிச் செயலி சர்வரைத் தானாகவே கண்டுபிடிக்கிறதே, அது ஒரே வலையமைப்புக்குள் உரக்கக் கூவி அழைக்கும் முறை. அந்தக் கூவல் டெயில்ஸ்கேலுக்குள் கேட்காது. மகள் தன் செயலியில் 100 என்று தொடங்கும் முகவரியையும் 8096ஐயும் கையால் தட்ட வேண்டும். சர்வர் கிடைக்கவில்லை என்று செயலி சொல்வதைக் கேட்டுவிட்டு முழு முயற்சியையும் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இழைப்பெட்டி

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. இரண்டு வீடுகளுக்கு இடையிலான வழி மூன்றாவதாக ஒரு நிறுவனத்தின் சர்வரை நம்பியிருக்கிறது. வீட்டு டிவியை எங்கிருந்தும் பார்க்கலாம் என்று விற்ற ஸ்லிங்பாக்ஸ் பெட்டிகள் நினைவிருக்கும். 2022 நவம்பர் 9ஆம் தேதி அந்த நிறுவனம் தன் சர்வர்களை அணைத்ததும், பழுதே இல்லாத பெட்டிகள் காகிதம் பறக்காமல் வைக்கும் கல்லாகிவிட்டன. பிளெக்ஸும் 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து, சொந்தச் சர்வரில் இருக்கும் சொந்த வீடியோவை வெளியூரிலிருந்து பார்க்கவே சந்தா கேட்கிறது. இன்று இலவசம் என்பது நாளைக்கும் இலவசம் என்பதற்கு உறுதியன்று.

பொதிமூட்டை

தங்கள் தயக்கம் நியாயமானது, ஆனால் ஒப்பீடு முழுப் பொருத்தம் அன்று. இங்கே வீடியோ ஜெல்லிஃபினில் இருக்கிறது; அது கட்டற்ற மென்பொருள், எந்த நிறுவனத்தின் உள்நுழைவும் அதற்குத் தேவையில்லை. டெயில்ஸ்கேல் நாளைக்குக் கடையைக் கட்டினால் வழி மட்டும்தான் போகும், பொருள் போகாது. அப்போது ஹெட்ஸ்கேல் என்னும் மாற்றை நாமே நடத்தலாம். அல்லது பொது முகவரியுள்ள சிறிய வாடகைச் சர்வர் ஒன்றை எடுத்து, அதில் வயர்கார்டை 51820ஆம் போர்ட்டில் ஓட்டி இரு வீடுகளையும் அங்கே இணைக்கலாம். அப்படிச் செய்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: பக்கம் திறக்கும், படம் ஓடாது என்ற விசித்திரமான நிலை வந்தால் எம்.டி.யு. அளவை (ஒரு பொதியின் உச்ச அளவு, பைட்டில்) பாருங்கள். வயர்கார்ட் 1420 என்று வைத்துக்கொள்ளும், பி.பி.பி.ஓ.இ. இணைப்பில் 1500க்குப் பதில் 1492தான் கிடைக்கும் என்பதால், அதை 1412 ஆகக் குறைக்க வேண்டியிருக்கும்.

கையால் எல்லாம் கட்டுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் அம்பாசமுத்திரத்தில் நள்ளிரவில் அது நின்றுபோனால் எழுந்து பார்க்கப் போவது ஐயாதான், நாமல்லர்.

இழைப்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன், பாதி மட்டும்.

திண்ணைவாசி

நிறுவிவிட்டேன். மகளின் மடிக்கணினியில் முகப்புப் பக்கம் திறந்ததும் தொலைபேசியில் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு 1994ஆம் ஆண்டு என் தங்கை திருமணக் கேசட்டைத் தொடங்கினாள். பத்து விநாடி ஓடியது, நின்றது, வளையம் சுற்றியது. பிறகு மீண்டும் பத்து விநாடி. எங்கள் அப்லோடு வேகத்தைச் சோதித்தேன், 40 எம்.பி.பி.எஸ். இருக்கிறது. ராஸ்பெரி பையில் டெயில்ஸ்கேல் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்தால் மகளின் கணினிக்கு நேரே ரிலே என்று காட்டுகிறது.

பொதிமூட்டை

அந்த ஒரு சொல்லில் விடை இருக்கிறது. இருவரும் நேராகக் கைகோக்க முடியாதபோது டெயில்ஸ்கேல் தன் இடைச் சர்வர் வழியாகப் பொதிகளைக் கைமாற்றி விடும். முகப்புப் பக்கத்துக்கு அது போதும், வீடியோவுக்குப் போதாது. அங்கே டைரக்ட் என்று வர வேண்டும். இரு வீட்டிலும் பதிப்பு 6 இருக்கும்போது ரிலே வருவது எனக்கு வியப்பாக இருக்கிறது. மகள் சோதித்தபோது எங்கே இருந்தார்?

திண்ணைவாசி

கேட்டேன். மதிய உணவு இடைவேளையில் அலுவலக வைஃபையிலிருந்து பார்த்தாளாம்.

நெக்கர் ஓரம்

அலுவலக வலையமைப்புகள் பலவற்றில் நேரடி இணைப்புக்குத் தேவையான யு.டி.பி. வகைப் பொதிகள் வெளியே போவதையே தடுத்திருப்பார்கள், பதிப்பு 6ம் இருக்காது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

திண்ணைவாசி

வீட்டிலிருந்து பார்த்தாள். டைரக்ட் என்று வருகிறது. அதற்குப் பக்கத்தில் காட்டுவது நீண்ட பதிப்பு 6 முகவரி. திருமணக் கேசட் முழுவதும் ஒரு முறைகூட நிற்காமல் ஓடியது. பெட்டியில் பதிப்பு 6ஐ இயக்கியது வீண் போகவில்லை.

ஆனால் சென்ற ஆண்டு என் மருமகன் கைபேசியில் எடுத்த காதுகுத்து வீடியோக்கள் மட்டும் இன்னும் தடுமாறுகின்றன. வீட்டு டிவியில் அவையும் நன்றாகவே ஓடுகின்றன.

பொதிமூட்டை

அவை 4கே அளவில், எச்.இ.வி.சி. என்னும் வீடியோச் சுருக்க முறையில் இருக்கும். தங்கள் டிவிக்கு அந்த முறை தெரியும் என்பதால் ராஸ்பெரி பை கோப்பை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. மகளின் பிரௌசருக்கு அது தெரியாவிட்டால், ஓடும்போதே வேறு முறைக்கு மாற்றித் தர வேண்டும். 4கே வீடியோவை அந்த வேகத்தில் மாற்ற ராஸ்பெரி பை 4க்குத் தெம்பில்லை. ஜெல்லிஃபின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மகளை ஓட்டச் சொல்லுங்கள். டிரான்ஸ்கோடிங் என்று காட்டினால் குற்றவாளி வலையமைப்பு அன்று. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் அவற்றை 1080 அளவுக்கும் எச்.264 முறைக்கும் இரவில் மாற்றி, அசலைத் தனியே காப்பில் வைத்துவிடுங்கள். 8 எம்.பி.பி.எஸ். அளவில் வைத்தால் ஒரு மணி நேரப் படத்துக்கு 3.6 ஜி.பி. போகும்; மாத அளவு வரம்பு உள்ள திட்டம் என்றால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பூட்டும் சாவியும்

வேலை முடிந்த மகிழ்ச்சியில் மறந்துவிடக் கூடாதவை. முதலில் போட்ட போர்ட் ஃபார்வர்டிங்கையும் டக்டிஎன்எஸ் பெயரையும் நீக்கிவிடுங்கள். நாளைக்கு நிறுவனம் தானாகவே பொது முகவரி கொடுத்தால் அந்தக் கதவு தங்களுக்குத் தெரியாமலே திறந்துகொள்ளும். பெட்டியில் யு.பி.என்.பி. ஓடுகிறதென்றால் அணையுங்கள். மகளுக்குத் தங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம்; டெயில்ஸ்கேலில் ஒரு கருவியை மட்டும் இன்னொருவர் கணக்குக்குப் பகிரலாம், ஜெல்லிஃபினிலும் அவருக்கு நிர்வாக உரிமையற்ற தனிப் பயனர் போதும்.

இன்னொன்று, டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியின் சாவியும் இயல்பாக 180 நாட்களில் காலாவதியாகும். ராஸ்பெரி பைக்கு மட்டும் அதை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒரு நாள் திடீரென்று ஒன்றும் திறக்காமல், மீண்டும் மின்வெட்டைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

திண்ணைவாசி

அனைத்தையும் செய்துவிட்டேன். காதுகுத்து வீடியோக்கள் இரண்டு இரவுகளில் மாறிவிட்டன. இப்போது நிர்வாகப் பக்கத்தில் எல்லாமே நேரடி ஓட்டம் என்றே காட்டுகின்றன. மகள் தனிப் பயனராக உள்ளே வருகிறாள். சாவிக் காலாவதியை நிறுத்தியதோடு, நாட்காட்டியிலும் ஆறாவது மாதத்தில் குறித்து வைத்தேன், என் நம்பிக்கைக்கு.

ஒரே ஒரு கேசட்டில் படத்துக்கும் ஒலிக்கும் இடையில் போகப் போக இடைவெளி கூடுகிறது. நாதஸ்வரக்காரர் வாயை எடுத்த பிறகும் வாசிப்புக் கேட்கிறது. வீட்டு டிவியிலும் அப்படியே இருப்பதால் அது கணினிக்கு மாற்றும்போது நேர்ந்த பிழை என்று புரிகிறது. அதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.